அடுப்பு வச்சா மட்டும் போதுமா? புகைபோக்கி எங்க ஊருக்கு வந்த கதை



போன மாசம் கனடாவில் இருக்கிற எங்க அக்கா மகன் போன் போட்டான். டொராண்டோ பக்கம் பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கான். அந்த வீட்டுச் சுவரில் குளிர் காய ஒரு கணப்பு அடுப்பு இருக்காம். அதில் விறகு எரித்தால் சூட்டில் பெரும்பங்கு புகைக்கூண்டு வழியா வானத்துக்குப் போயிருது, வீட்டுக்குள்ள கொஞ்சம்தான் நிக்குது. அதனால அந்தப் பொந்துக்குள்ள கச்சிதமா உட்காருற மாதிரி, கண்ணாடிக் கதவு வச்ச இரும்புப் பெட்டி ஒண்ணை வாங்கிச் செருகியிருக்கான்.

"மாமா, பெட்டி வாங்குனது பெருசில்ல. பழைய செங்கல் கூண்டுக்குள்ள உச்சி வரைக்கும் எவர்சில்வர் குழாய் இறக்கணுமாம். பக்கத்துல மரச்சாமான் எத்தனை அடி தள்ளி இருக்கணும்னு அளந்து பாக்காங்க. சோதனை பண்ணி சர்டிபிகேட் குடுத்தாத்தான் இன்சூரன்ஸ். வருசத்துக்கு ஒருக்க ஆள் வந்து கரியைத் தூக்கணும். ஒரு அடுப்புக்கு இம்புட்டுப் பாடா?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரல. 1988-ல் எங்க வீட்டு அடுக்களையிலும் ஒரு புகைக்குழாய் வச்சோம். அதை அளந்து பார்க்கவோ, பொறவு வந்து கரி தூக்கவோ யாரும் இல்லை. அந்தக் கதை அவனுக்குத் தெரியாது. அவன் பிறக்கும் முன்னாடி நடந்தது. நம்ம ஊரில் புகைபோக்கி வச்ச அடுப்பு எப்படி வந்தது, ஏன் நிலைக்கல என்பதையும் சேர்த்து எழுதலாம்னு உட்கார்ந்தேன். பட்டணத்தில் இருக்கிற உங்களில் பல பேருக்கு உங்க ஆச்சி ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். அவங்களுக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் பழைய அடுப்பைப் பற்றிச் சொல்லணும். அதை ஒண்ணும் தெரியாத ஜனங்க வச்ச அடுப்புன்னு நினைச்சிரக் கூடாது. கரம்பை மண்ணில் சாணியும் உமியும் சேர்த்துப் பிசைந்து, பொம்பளைங்கதான் போட்டார்கள். ஒரு வாய், அதுக்கு மேல பானை உட்கார மூணு குமிழ். பக்கத்தில் இன்னொரு வாய், அதுதான் கொடியடுப்பு. பெரிய வாயில் சோறு பொங்கும்போது மிச்சச் சூடு உள்வழியா ஓடி கொடியடுப்புக்குப் போகும். அதில் வெஞ்சனம் வேகும், இல்லன்னா வெந்நீர் காயும். ஒரே விறகில் ரெண்டு வேலை. பின்னால் பெரிய படிப்பு படிச்சவங்க கண்டுபிடிச்ச அடுப்புக்கெல்லாம் அடிப்படை யோசனை இதுதான். நம்ம கொடியடுப்புக்கு இல்லாதது ஒண்ணே ஒண்ணு: புகை வெளியே போக ஒரு வழி.

ஏன் இல்லை? அன்னைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் பனை ஓலைக் கூரை. ஓலையில் ஓட்டை போட்டு நெருப்புப் புகையை விடுறது கொள்ளிக்கட்டையைக் கூரையில் சொருகுறதுக்குச் சமானம். அதனால புகை அடுக்களை முழுக்கச் சுத்தி, ஓலை இடுக்கு வழியா மெதுவா கசிந்து போகும். அதில் லாபமும் இருந்தது. புகை பட்ட ஓலையில் பூச்சி ஏறாது, கூரை கூடுதல் நாள் நிற்கும். பரணில் போட்ட கருப்பட்டி இளகாது. விதைக்குக் கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிர், சுரைக்காய் எல்லாம் புகையில்தான் இருக்கும். வீட்டுக்கு லாபம், கூரைக்கு லாபம். நட்டம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். அடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிறவளுக்கு.

அதிலும் எங்க பக்கம் பனங்காடு. பங்குனி, சித்திரையில் பதனீர்க் காலம் வந்தால், ஆம்பளை மரத்தில் ஏறி இறக்குவான், காய்ச்சுறது பொம்பளை வேலை. விடிலி என்று பனையோலையில் ஒரு குடிசை போட்டு, உள்ளே பெரிய அடுப்பு மூட்டி, மணிக்கணக்கில் கிண்டணும். பத்து லிட்டர் பதனீர் காய்ச்சினால் ஒன்று, ஒன்றரை கிலோ கருப்பட்டி கிடைக்கும். மிச்சம் அத்தனையும் ஆவியாகப் போகணும். அதுக்கு எவ்வளவு விறகு வேணும்னு பாருங்க. கருக்குமட்டை, சில்லாட்டை, உடைமுள், கொதும்பு, கையில் அகப்பட்டது எல்லாம் போகும். கூப்பனி பதம் வரும்போது பார்வையை எடுக்க முடியாது. விட்டால் கருகிப்போகும். கண்ணில் தண்ணி ஊத்த ஊத்தத்தான் சிரட்டையில் ஊத்துவார்கள். நீங்க கடையில் வாங்குற கருப்பட்டியில் இந்தக் கண்ணீரும் இருக்கு.

கனடாக்காரன் சொன்னதைக் கேட்டதும் அந்த நாட்டுக்காரங்க பிறவியிலேயே விவரமானவங்கன்னு நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் கூடத்துக்கு நடுவில் நெருப்பு, கூரையில் ஓட்டை, அவ்வளவுதான். வைக்கோல் கூரை தீப்பிடிச்சுப் பிடிச்சு, 13-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் வைக்கோல் வேயக் கூடாதுன்னு விதி போட்டார்கள். செங்கல் புகைக்கூண்டு சாதாரண வீட்டுக்கெல்லாம் வந்து சேர இன்னும் சில நூறு வருசம் ஆனது. 1740-களில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின், சூடு வீணாகாமல் இருக்க இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். 1790-களில் ரம்ஃபோர்டு பிரபு என்பவர், கணப்பு அடுப்பின் தொண்டையைக் குறுக்கினால் புகை ஒழுங்கா மேல ஏறும், சூடு அறைக்குள் நிக்கும்னு செய்து காட்டினார். லண்டனில் பல வீடுகளில் அடுப்பை இடிச்சுக் கட்டினார்கள்.

புகைக்கூண்டு வந்ததும் அடுத்த தொல்லை வந்தது. உள்ளே கரி படியும். தூக்காவிட்டால் தீப்பிடிக்கும். கூண்டு குறுகல் என்பதால் சின்னப் பையன்களை உள்ளே ஏறவிட்டுத் தூக்கினார்கள். அந்த வேலை பார்த்தவங்களுக்குப் பிற்காலத்தில் ஒரு வகைப் புற்றுநோய் வருது, கரிதான் காரணம்னு 1775-ல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் டாக்டர் எழுதினார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும்னு உலகத்துக்குச் சொன்ன முதல் ஆட்களில் அவர் ஒருத்தர். 1788-லும் 1840-லும் சட்டம் போட்டும் பையன்களை ஏற்றுறது நிற்கல. 1875-ல் வந்த சட்டத்துக்குப் பொறவுதான் ஒழிந்தது. ஆக, மருமகன் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற ஆளும், அந்தச் சர்டிபிகேட்டும் சும்மா வரல. எத்தனையோ வீடு எரிந்து, எத்தனையோ பிள்ளைகள் செத்து வந்த வழக்கம்.

நம்ம நாட்டில் இந்த யோசனை யாருக்கும் வராமலும் இல்லை. 1934-ல் காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, அதை நடத்த வர்தாவில் உட்கார்ந்தவர் நம்ம தஞ்சாவூர்க்காரர், ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் இருந்தார். 1960 ஜனவரி 30-ல், காந்தி இறந்த அதே தேதியில் காலமானார். அந்தச் சங்கம் இருந்த வர்தா மகன்வாடியில், எண்ணெய் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் என்று பல வேலை நடந்தது. அங்கேதான் 1947 வாக்கில் 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பும் உருவானது. மண் அடுப்புதான், பானை வாய்கள், கடைசியில் ஒரு புகைக்குழாய்.

அடுத்து, 1950-களில் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எஸ்.பி. ராஜு. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத அடுக்களை வேணும்னு ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். சென்னையில் அச்சான புத்தகம் அது. அதில் அவருக்கு முதல் கவலை விறகு மிச்சம் இல்லை, அடுக்களையில் இருக்கிற பொம்பளையோட கண்ணும் நெஞ்சும்தான். அதுக்கு அப்புறம் ரொம்ப வருசம் இந்தப் பேச்சு பெருசா எழும்பல.

மறுபடி எழும்பியது எண்ணெய் விலையாலும் காடு அழியுற பயத்தாலும். 1970-களில் பெட்ரோல் விலை ஏறியதும், விறகும் தீர்ந்துபோகும்னு உலகம் பூரா பேச்சு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 'அஸ்திரா ஒலெ' என்ற மூணு பானை அடுப்பு வந்தது. கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. சண்டிகர் பக்கத்தில் நாடா என்ற கிராமத்தில் மது சரின் என்ற அம்மா, ஊர்ப் பொம்பளைங்களோடு உட்கார்ந்து அவங்க சொன்னபடியே அடுப்பை மாத்தி மாத்திப் போட்டார். அதுக்கு 'நாடா சூலா' என்று பேர். கொத்து வேலையையும் பொம்பளைங்களுக்கே சொல்லிக்கொடுத்தார். இந்தச் சேதியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

1983 கடைசியில் மத்திய அரசு தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மண்ணில் போடுற அடுப்பென்றால் சூட்டில் குறைந்தது 20 சதவீதம் பானைக்குப் போகணும், தூக்கிக்கொண்டு போகிற இரும்பு அடுப்பென்றால் 25 சதவீதம் என்று அளவு வச்சார்கள். செலவில் பெரும்பகுதி மானியம். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவங்க வீடு வீடாப் போய்ப் போடணும், போட்ட அடுப்புக்கு இவ்வளவுன்னு கூலி. 2002-ல் திட்டத்தை மாநிலங்கள் கையில் விடும்போது நாடு முழுக்க மூணு கோடி அடுப்புக்கு மேல் போட்டதாகக் கணக்கு. உலகத்திலேயே சீனாவுக்கு அடுத்தபடி பெரிய அடுப்புத் திட்டம் இதுதான்.

எங்க ஊருக்கும் அந்த அலை வந்தது. 1988 பங்குனி மாசம். எனக்குப் பதினெட்டு வயசு. பத்தாங்கிளாஸ் முடிச்சுட்டு அப்பாவோடு தோட்டத்தில் நின்ன சமயம். அதே வருசம் நவம்பர் 20-ல்தான் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் அணு உலைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதனால வருசம் மறக்காது. எங்க தெருவில் மட்டும் பதினாலு வீட்டுக்கு அடுப்பு. போட வந்தவர் வெளியூர்க்காரர், நல்ல மனுசன், வேலையும் சுத்தம். கையில் ஒரு தகர அச்சு. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு.

எங்க வீட்டில் போட்டு முடிச்சதும் அம்மா எட்டிப் பார்த்துட்டு ரெண்டு விசயம் சொன்னாள்.

"அண்ணாச்சி, இந்த வாய்க்கு எம் பானை சேராதே. சின்னதால்லா இருக்கு?"

"பானையை மாத்திக்கோங்கம்மா. அளவு இதுதான்."

"குழாயை இங்கன மேற்கால வச்சிருக்கியளே. ஆடியில மேகாத்து அடிச்சா புகை திரும்ப உள்ளயில்லா வரும்?"

அதுக்கு அவர் சொன்ன பதில் சரிதான்: குழாயைக் கூரைக்கு மேல மூணு அடி உசத்தி, தலையில் தொப்பி மாட்டினா திரும்பாது. குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய், ரெண்டு துண்டு கொடுத்திருந்தார்கள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். கூரை வேலை எங்க பொறுப்பு. அப்பா என்ன பண்ணினார்? கூரைக்கு மேல அரை அடி மட்டும் நீட்டிவிட்டு, மிச்சத்தை அறுத்துத் தொழுவத்து மூத்திரம் வடிய வச்சுட்டார். மழைத் தண்ணி இறங்காமல் இருக்கக் குழாயைச் சுத்தி ஓலையை நெருக்கி வேய்ந்தார். ஏணியைப் பிடிச்சது நான்.

நாலு மாசம் அடுக்களை புகையில்லாமல் இருந்தது நிஜம். அம்மா சாயங்காலம் இருமாமல் அடுப்பு முன்னாடி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்த ஒரே காலம் அதுதான். குழாய்க்குள்ள என்ன நடக்குன்னு யாருக்கும் தெரியல. ஈர மட்டையும் கொதும்பும் எரிச்ச புகை, குளிர்ந்த குழாயில் கீல் மாதிரி படியும். வெளிநாட்டில் அதுக்குத் தனிப் பேரே இருக்கு, அங்கே பயப்படுறதே அந்தக் கீலுக்குத்தான். சூடு ஏறினால் அதுவே எரியும்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் எரிந்தது. முப்பந்தல் கணவாய் வழியா வருகிற காத்து எப்படி இருக்கும்னு காற்றாடி பார்க்க வந்தவங்களுக்குத் தெரியும். குழாய் 'டப்'னு வெடித்தது. சுத்தி நெருக்கி வேய்ந்த ஓலை ஒரு நொடியில் பிடித்தது. தெருவே ஓடிவந்து ஓலையை இழுத்துப் போட்டு, மணலை அள்ளி வீசி அணைத்தது. அடுக்களைக் கூரை பாதி போச்சு. உறியில் இருந்த தயிர்ப்பானையை எடுக்கப் போன அம்மாவுக்கு இடது கையில் தீக்காயம். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. மறுநாள் அப்பா குழாயைப் பிடுங்கி எறிந்துட்டு, அடுப்பில் குழாய் இருந்த ஓட்டையை மண்ணை வச்சு அடைச்சார். அம்மா பழையபடி ஊதாங்குழலை எடுத்தாள்.

இதுவரை சொன்னதில் தப்பு எங்க அப்பா மேல. அடுத்து சொல்லப்போறது என் மேல.

1989 தை மாசம், அடுப்புகளைச் சரிபார்க்க ஒருத்தர் ரிஜிஸ்டரோடு வந்தார். தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் என்பதால் கூட்டிக்கொண்டு போனார். பதினாலில் ஒழுங்கா எரிந்தது அஞ்சு. ரெண்டு வீட்டில் பானைக்காக வாயை வெட்டிப் பெருசாக்கியிருந்தார்கள். பானைக்கும் வாய்க்கும் இடுக்கு விழுந்து புகை அந்த வழியாவே வந்தது. மூணு வீட்டில் கரி அடைத்துப் புகை முழுக்க உள்ளே. ஒரு வீட்டில் குழாய்க்குள் குருவி கூடு கட்டியிருந்தது. மத்ததெல்லாம் இடித்தாச்சு. "ஓடலைன்னு எழுதினா ஊருக்கு அடுத்த வருசம் ஒண்ணும் வராது தம்பி" என்றார். நான் பதினாலு வரியிலும் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினேன். எங்க வீட்டு வரிக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கினேன். புண் ஆறாத கையில் இல்லை, மத்தக் கையில்.

அந்த மூணு கோடிக்குள்ள எங்க பதினாலும் இருக்கு.

இது எங்க ஊர்க் கதை மட்டும்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லை. ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரீமா ஹன்னா என்ற பொருளாதாரக்காரங்க மூணு பேர், புகைபோக்கி அடுப்பு வச்ச வீடுகளை வருசக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 2600 குடும்பம். டுஃப்லோவுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவங்க கண்டது என்னன்னா, முதல் வருசம் சமைக்கிறவங்க நெஞ்சுக்குள்ள போகிற புகை குறைந்தது. பொறவு அந்த லாபமும் காணாமல் போச்சு. ஆய்வுக் கூடத்தில் நல்லா எரிந்த அடுப்புதான். வீட்டில் உடைந்ததை யாரும் சரிபண்ணல, குழாயைத் தூக்கல, எல்லா நாளும் அதில் சமைக்கவும் இல்லை. நான் ரிஜிஸ்டரில் எழுதாமல் விட்டதை அவங்க எழுதியிருந்தார்கள்.

புகை எவ்வளவு பொல்லாததுன்னு அளந்தவங்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர் குஜராத் கிராமங்களில் சமைக்கிற பொம்பளைங்க மேலேயே கருவியை மாட்டிப் புகையை அளந்தார். அதுவரை புகைன்னா தொழிற்சாலைப் புகையும் பட்டணத்துப் புகையும்தான்னு நினைத்த உலகம் திரும்பிப் பார்த்தது. நம்ம தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணனும் கூட இருந்தவங்களும் நாலு மாவட்டத்தில் நானூறு வீட்டுக்கு மேல் அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். விறகில் சமைக்கிறவங்க ஒரு நாளில் உள்ளே இழுக்கிற தூசிப்புகை, கேஸில் சமைக்கிறவங்களைவிடச் சுமார் மூணு மடங்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த எண்ணிக்கையெல்லாம் பின்னால்தான் தெரியும். 2006-ல் அம்மாவுக்கு மூச்சு முட்டி, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு டாக்டர், "பாட்டி, நீங்க பீடி, சுருட்டு ஏதும் குடிப்பீங்களா?" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். "நான் எங்கய்யா குடிச்சேன்? அடுப்புதான் என்னைக் குடிச்சுது" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 2011-ல் போய்ச் சேர்ந்தாள்.

தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்கு அப்புறம் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. கேஸ் மாதிரி ஒரு நல்ல காரியம் அடுக்களைக்கு நடந்ததில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் சிலிண்டர் விலைக்குப் பயந்து, வெந்நீருக்கும் கோழித்தீவனத்துக்கும் கல்யாணம் காச்சிக்கும், கருப்பட்டிக்கும் இன்னைக்கும் விறகுதான். சீமைக்கருவேலம் வேலியோரம் சும்மா கிடக்கும்போது எவன் காசு கொடுப்பான்? அதனால விறகு அடுப்பை ஒழுங்கா வைக்கிறது எப்படின்னு இன்னும் தெரிஞ்சுக்கத்தான் வேணும். இப்போ பண்ணை வீடு கட்டி, ஆசைக்கு ஒரு மண் அடுப்பு வைக்கிற பட்டணத்துக்காரங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

2012-ல் என் வீட்டுக்காரிக்கு நானே ஒரு அடுப்பு போட்டேன். முதல் வேலை, அவளைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். எந்தப் பானை, எந்தக் கை பழக்கம், காத்து எந்தப் பக்கம், எல்லாம் அவ சொன்னாள். பானையையே மண்ணில் வச்சு வாயை எடுத்தோம். பானை உட்கார்ந்தால் விளிம்பில் புகை வரக் கூடாது, குழாய் அடுப்புக்கு முதல் சட்டமே இதுதான். ரெண்டாவது வாய்க்குக் கீழே ஒரு சின்ன மேடு வச்சோம், நெருப்பு அதில் ஏறிப் பானை அடியைத் தொட்டுட்டுப் போகும்.

குழாய் நாலு அங்குல அகலம், தகரக் குழாய். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், அதை அறுக்கிற தூசியும் நெஞ்சுக்கு ஆகாது, கீல் எரிந்தால் வெடிக்கவும் செய்யும். குழாய் அடியில் ஒரு செங்கல்லை மண் பூசாமல் சும்மா சொருகியிருக்கேன். அதை எடுத்தால் விழுந்த கரியை அள்ளலாம். கூரையில் குழாய் போகிற இடத்தில், சுத்தி ஒரு அடிக்கு எரியுற சாமான் எதுவும் இல்லை. இப்போ ஓடு போட்டாச்சு, ஆனா ஓட்டுக்குக் கீழே இருக்கிற பனஞ்சட்டம் எரியும்தானே? சட்டத்தை விலக்கி வச்சு, இடையில் அடி உடைந்த மண்பானையைக் கவிழ்த்து அதுக்குள்ள குழாயை விட்டோம். குழாய் முகட்டைவிட மூணு அடி உசரம். தலையில் கொம்பு மாதிரி ரெண்டு பக்கம் வாய் வச்ச தொப்பி, வாய் வடக்கும் தெற்கும். மேகாத்து குறுக்கே அடிச்சுட்டுப் போகுமே தவிர உள்ளே இறங்காது.

விறகு ஆறு மாசம் காய்ந்ததுதான் எரிப்போம். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஈர்க்குமாறைக் கயித்தில் கட்டி, ஒரு கல்லைத் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கிக் கரியைத் தூக்குவேன். அமாவாசைன்னா மறக்காது, அதுக்காகத்தான். இன்னொண்ணு, அடுப்பு இருக்கிற இடத்தில் ஜன்னலைச் சாத்தவே கூடாது. கொடைக்கானல், ஊட்டிக்குப் போனவங்க குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திப் படுத்து, காலையில் எழும்பாமலே போன செய்தி பேப்பரில் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. அந்த விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இவ்வளவும் ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. 1988-ல் எங்க அம்மா சொன்ன ரெண்டு விசயத்தைக் கேட்டிருந்தால் பாதி சரியாயிருக்கும்: பானை அளவு, காத்து. மீதிப் பாதி, பின்னால் வந்து பார்க்கிற ஆள். நாடா கிராமத்தில் முதல் பாதியைச் செய்தார்கள். லண்டன்காரன் ரெண்டாவது பாதியை ரொம்ப அடிபட்டுக் கற்றுக்கொண்டான். எங்க தெருவில் ரெண்டும் நடக்கல. அடுப்பை எண்ணினோம், அவ்வளவுதான். எண்ணிக்கையையும் நான் பொய்யா எழுதினேன்.

மருமகனுக்கு மறுநாள் நானே போன் போட்டேன். "தூக்க வாரவனுக்குக் காசு பார்க்காத மாப்ள. வருசம் தவறாம கூப்பிடு. அவன் எழுதிக் குடுக்கிற காயிதத்தை நீயும் ஒருக்க ஏணி ஏறிப் பார்த்து எழுதி வை" என்றேன். ஏன் மாமா இவ்வளவு சொல்லுறியன்னு கேட்டான். ஆச்சி கையில் இருந்த தழும்பு ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். தயிர் எடுக்கப் போய் சுட்டதுன்னு ஆச்சி சொல்லியிருக்காங்களே என்றான். அம்மா அவனிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள்.

மீதியை இப்போ நான் எழுதிட்டேன். நாளை மறுநாள் அமாவாசை, ஈர்க்குமாறு தேய்ந்திருக்கு. புதுசு ஒண்ணு கட்டணும்.